உப்பு எங்கே போச்சு?

ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய பாடங்களான கோர்ஸ் ஒர்க் முடிந்ததுமே பாதி பிஎச்.டி. கையில் வந்துவிட்டதாக நினைத்திருந்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2022 விதிப்படி குறைந்தது 12 கிரெடிட், 55 சதவீத மதிப்பெண். அதில் சிக்கல் வரவில்லை. அடுத்து வந்த காம்ப்ரிஹென்சிவ் வைவாதான், அதாவது பாட அறிவு முழுவதையும் சோதிக்கிற தேர்வுதான், ஆளை ஆட்டிப் பார்த்தது. இது பல்கலைக்குப் பல்கலை மாறும். கோவை வேளாண் பல்கலையில் படித்த தோழிக்கு எழுத்துத் தேர்வும் உண்டு, வாய்மொழியும் உண்டு. எனக்கு வாய்மொழி மட்டும். இதில் தேறினால்தான் பிஎச்.டி.க்கான தற்காலிகப் பதிவு உறுதியாகும்.

காங்கேயம் பக்கம் மலிவாகக் கிடைக்கிற தேங்காய்த் தொட்டிக் கரியை வைத்துச் சாயத் தண்ணீரில் நிறம் நீக்குவது என் ஆய்வு. எங்கள் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். 1992இல் பாசனத்துக்கென்று வந்த அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறு தலைப்பு தோன்றவில்லை.

மூன்று மாதம் என் வரைபடங்களையே மனப்பாடம் செய்தேன். நாற்பது ஸ்லைடு. மூன்றாவதில் நிறுத்திவிட்டார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர்.

"நிறம் போயிருச்சு, சரிங்கம்மா. உப்பு எங்க போச்சு?"

முழித்தேன். பருத்தி நூல் தண்ணீரில் எதிர்மின்னூட்டம் கொள்ளும். பருத்திக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமலிருக்கத்தான் சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு கழிவுத் தண்ணீரிலேயே தங்கிவிடும். இளங்கலைப் பாடம் இது. எனக்கு வாய் வரவில்லை. அடுத்து, கரியின் பரப்பில் சாயம் எவ்வளவு ஒட்டும் என்று கணக்கிடுகிற லாங்மியர் சமன்பாட்டின் அனுமானங்களைக் கேட்டார். ஆய்வு முழுக்க அதைப் பயன்படுத்தியவள் ஒன்றைச் சொல்லிவிட்டு நின்றேன். "அடிப்படையைப் படிச்சிட்டு மறுபடி வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

ராத்திரி வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். "அணைத் தண்ணி பார்க்கத் தெளிவாத்தான் இருக்கும் கண்ணு. வாயில வெச்சாத்தான் தெரியும்."

மறுநாள் ஆய்வகத்தில் கரி வடித்த தண்ணீரை, கரைந்திருக்கும் உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டரில் வைத்தேன். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் 6000ஐத் தாண்டிக் காட்டியது. ஆற்றில் விட அனுமதி லிட்டருக்கு 2100 மில்லிகிராம். இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் அளந்து பார்க்கவில்லை, பாருங்கள்.

அப்புறம் ஆய்வுக் கட்டுரைகளை மூடிவைத்துவிட்டு இளங்கலைப் புத்தகங்களைத் திறந்தேன். கைடு வாரம் ஒருநாள் கரும்பலகை முன் நிறுத்திக் கேள்வி கேட்டார். வைவாவுக்கு யாராவது தயாராகிறீர்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்: ஸ்லைடைக் குறையுங்கள், சாக்பீஸைப் பிடியுங்கள்.

இரண்டாம் முறை நாலே ஸ்லைடு. அதே கேள்வி வந்தது.

"உப்பு போகலைங்க சார். கரி அதைப் பிடிக்காது. அதுக்கு சவ்வு வழியா வடிக்கிற ஆர்ஓவும் ஆவியாக்கியும் வேணும். நிறத்தை முன்னாடியே எடுத்துட்டா ஆர்ஓ சவ்வு சீக்கிரம் அடைக்காது. என் கரிக்கு அங்கதான் வேலை."

ஒன்றரை மணி நேரம் போனது. தலைப்பில் 'முன்சுத்திகரிப்பு' என்று சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்துக் கொடுத்தபின் உறுதிக் கடிதம் வந்தது.