செத்த மீனும் நானும்

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், கேப் மெக்லியர் என்கிற கரையோர ஊரில், டைவிங் கூட்டிப்போன உள்ளூர்த் தம்பி முதலிலேயே சொன்னான்: “6 கிலோ போதும்.” நான் கேட்கவில்லை. பாண்டிச்சேரிக் கடலில் முங்குவதற்கு எப்போதும் 8 கிலோ ஈயம் கட்டித்தான் பழக்கம். பதினோரு டைவ் போட்ட அனுபவஸ்தன் வேறு. 8 கிலோதான் என்று அடம்பிடித்துக் கட்டிக்கொண்டேன்.

உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்கும். ஏரித் தண்ணீர் அந்த அளவுக்குத் தாங்காது. ஆளும் சிலிண்டருமாகச் சேர்ந்து 100 கிலோ என்றால், கடலில் கட்டுவதைவிடச் சுமார் 2.5 கிலோ குறைத்துக் கட்டவேண்டும். வகுப்பில் சொல்லித் தந்ததுதான். பரீட்சை எழுதியதோடு மறந்தாயிற்று.

தும்பி மேற்குத் தீவின் ஓரம் படகு நின்றது. (தீவின் பெயரே அதுதான். நம்மூர்ப் பெயர் மாதிரி இருக்கவே ஒரு தைரியம்.) என் கவலையெல்லாம் முதலையும் நீர்யானையும். தம்பி சிரித்துவிட்டு மல்லாக்கக் கவிழ்ந்தான். நானும் கவிழ்ந்தேன். பதற்றத்தில், மிதக்கவைக்கும் ஜாக்கெட்டில் காற்று ஏற்றும் பொத்தானை விட்டுவிட்டு இறக்கும் பொத்தானை அமுக்க, ஆறு மீட்டர் ஆழத்தில் மணலில் தொப்பென்று குப்புற விழுந்தேன்.

கலங்கல் தெளிந்ததும் பார்த்தால், கொளத்தூர் கடைகளில் தொட்டிக்குள் வைத்து ஜோடி விலை சொல்கிற அதே நீல, மஞ்சள் மீன்கள், பாறை முழுக்கப் பாசி கொறித்துக்கொண்டிருந்தன. இந்த ஏரியில் சிக்லிட் என்கிற இந்த மீன் குடும்பத்தில் மட்டுமே நூற்றுக்கணக்கான வகை; பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. ஒரு தாய் மீன் என்னைப் பார்த்ததும் குஞ்சுகளை வாய்க்குள் அள்ளிக்கொண்டது. பூச்சாண்டியைக் கண்டால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தேன். ஒரு சாண் நீள மீன், ஒருக்களித்துக் கிடந்தது. உடம்பெல்லாம் அழுகல் மாதிரித் திட்டுத் திட்டாகக் கறை. ஐயோ, நான் விழுந்ததில் நசுங்கிவிட்டதா? மனசு கேட்கவில்லை. எழுந்திருக்கவும் முடியவில்லை. இரண்டு பேரும் அப்படியே கிடந்தோம்.

சின்ன மீன் ஒன்று துக்கம் விசாரிக்க வந்தது. முதலில் என் கையுறையை முகர்ந்தது. சரி, இதில் ஒன்றுமில்லை என்று அந்தப் பிணத்தின் பக்கம் போய், ஒரு கொத்துக் கொத்தப் போயிற்று.

பிணம் எழுந்தது. லபக்.

நான் போட்ட கத்தல் முழுக்கக் குமிழியாக மேலே போயிற்று. தம்பி வந்து என் ஜாக்கெட்டில் காற்று ஏற்றித் தூக்கி நிறுத்தினான்.

படகேறியதும் சொன்னான், அதன் பெயர் ‘கலிகோனோ’. அவர்கள் மொழியில் தூங்குமூஞ்சி மாதிரி ஒரு பொருள். செத்ததுபோல் நடித்து இரை பிடிப்பதுதான் அதற்குப் பிழைப்பு. 1859இல் இந்த ஏரிக்கு வந்த ஆய்வுப் பயணி லிவிங்ஸ்டனின் பெயரை, பாவம், இதற்குத்தான் அறிவியல் பெயராக வைத்திருக்கிறார்கள்.

நான் பேசாமல் ஈயக் கட்டி இரண்டைக் கழற்றி வைத்தேன். தம்பி படகோட்டியிடம் ஏதோ சொன்னான். “கலிகோனோ” மட்டும்தான் எனக்குப் புரிந்தது. மீனைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

சாயங்காலம் கரையில் பந்தாடிய பொடியன்கள் என்னைப் பார்த்துக் கையாட்டினார்கள். “கலிகோனோ! கலிகோனோ!”