பாலிஷ், சீலன்ட், மெழுகு: எதன் மேல் எது?

என் காரின் நிறம் கறுப்பு. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்த நாளில் அதன் கம்பீரம் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது; எதையும் மறைத்து வைக்கத் தெரியாத நிறம் அது என்பது முதல் வெயிலில்தான் புரிந்தது. வெள்ளைக் காரில் நான்கடி தள்ளி நின்றால் மறைந்துபோகும் மெல்லிய கீறல்கள், கறுப்பில் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் பளிச்சென்று நிற்கும். அவற்றைப் போக்குவதற்காக ஒவ்வொரு புட்டியாக வாங்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் அலமாரியின் ஒரு தட்டு முழுவதையும் நிரப்பிவிட்டேன். பாலிஷ் என்று பெயரிட்ட இரண்டு புட்டிகளில் ஒன்று தேய்ப்பதற்கானது, மற்றொன்று வெறும் எண்ணெய்ப் பூச்சு. மெழுகு என்று எழுதியிருந்த ஒன்றில் மெழுகைக் காட்டிலும் சிலிக்கோனே மிகுதி. புட்டியின் மேலுள்ள பெயரைக் கொண்டு எதை முதலில் பூசுவது, எதை மேலே பூசுவது என்று தீர்மானிக்க முடியாது என்பது எனக்கு ஒரு தவறு செய்த பிறகே விளங்கியது.

அந்தத் தவறு இதுதான். ஒரு விடுமுறை நாளில் காரைக் கழுவித் துடைத்து, கார்னௌபா மெழுகை இரண்டு பூச்சாகப் பூசினேன். மெழுகு நீண்ட நாள் நிற்காது என்று கேள்விப்பட்டிருந்ததால், அதற்குக் காவலாக இருக்கட்டும் என்று அதன் மேல் சீலன்டையும் பூசினேன். அடியில் அழகு, மேலே பாதுகாப்பு என்ற கணக்கு அப்போது மிகவும் நியாயமாகத் தோன்றியது. ஐந்தாறு வாரம் கழித்து பானெட்டின் மேல் முத்து முத்தாக நிற்க வேண்டிய நீர், பழைய தட்டில் ஊற்றியதுபோல் பரந்து தேங்கியது. பல மாதம் தாங்க வேண்டிய சீலன்ட், மெழுகு போன வழியே தானும் போய்விட்டிருந்தது.

காரணம் எளியது. சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர்களால் ஆனது. அது வண்ணத்தின் மேற்பரப்பை நேரடியாகப் பற்றிக்கொண்டு இறுகும்போதுதான் அதன் ஆயுள் அதற்குக் கிடைக்கிறது. இடையில் மெழுகு இருந்தால் அது பற்றுவது மெழுகைத்தான். வெயிலில் இளகி, ஷாம்புவில் கரைந்து மெழுகு விலகும்போது அதன் மேல் நின்றதற்கும் பிடிமானம் போய்விடும். அடுக்கு என்று சொல்லும்போது நாம் மேலே வருவதைப் பற்றியே யோசிக்கிறோம்; ஆனால் ஆயுளைத் தீர்மானிப்பது வண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பூச்சு. பாலிஷ், சீலன்ட், மெழுகு என்ற வரிசை முழுவதும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கிறது.

வண்ணம் என்று நாம் சொல்வதும் ஒற்றைப் படலம் அன்று. உலோகத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பிரைமர், அதன் மேல் நிறத்தைத் தரும் பூச்சு, அதற்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான கார்களில் இவை எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் வரைதான். அதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் எதன் மேல் பாலிஷ் இயந்திரத்தை வைத்துத் தேய்க்கிறோம் என்பது தெரியும். சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் பொருளும் அந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. தேய்த்து எடுத்தது திரும்ப வளராது.

ஆகவே பாலிஷை ஓர் அடுக்காக எண்ணுவதே பிழை. அது எதையும் சேர்ப்பதில்லை, எடுக்கிறது. அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்ணிய துகள்களைக் கொண்டு, கீறலின் இருபுறமும் உள்ள மேட்டைக் கீறலின் அடிமட்டம் வரைக்கும் இறக்கிச் சமப்படுத்துகிறது. மேடுபள்ளம் உள்ள பரப்பில் ஒளி சிதறும். சமமான பரப்பில் அது கண்ணாடியில்போல் நேராகத் திரும்பும். காரின் பளபளப்பில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. மேலே எதைப் பூசினாலும், கீழே சமமாக இல்லாத பரப்பைப் பூச்சு திருத்தாது, சற்று மறைக்கும், அவ்வளவுதான். இந்த மறைக்கும் வேலைக்கென்றே கிளேஸ் என்ற ஒரு வகை உண்டு. எண்ணெயும் நிரப்பும் பொருளும் கலந்த அது கீறல்களுக்குள் சென்று உட்கார்ந்து, சில நாள் கண்ணை ஏமாற்றும். நான்கைந்து முறை கழுவியதும் கீறல்கள் பழையபடி எட்டிப் பார்க்கும். காரை விற்பதற்கு முந்தைய நாள் அதைப் பூசுகிறவர்களை நான் அறிவேன். அதைப் பற்றி இங்கே விரித்துச் சொல்லப்போவதில்லை.

பாலிஷைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கடைப்பிடிப்பது, இருப்பதில் மிக மென்மையானதிலிருந்து தொடங்குவது. கதவின் கீழ்ப்பகுதியில் இரண்டு கையகல இடத்தை மாஸ்கிங் டேப்பால் வகுத்துக்கொண்டு, மென்மையான நுரைப்பஞ்சில் நுண்ணிய பாலிஷை வைத்துத் தேய்த்துப் பார்க்கிறேன். கீறல் போதுமான அளவு குறைந்துவிட்டால் கார் முழுவதற்கும் அதுவே. குறையாவிட்டால் மட்டுமே பஞ்சை மாற்றுவேன், அதன் பிறகே சற்று முரடான துகள்கள் கொண்ட காம்பவுண்டுக்குப் போவேன். காம்பவுண்டைப் பயன்படுத்தினால் அது விட்டுச் செல்லும் மங்கலை நீக்க நுண்ணிய பாலிஷ் மீண்டும் வேண்டும். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி இயந்திரத்தைவிட, சுழன்றுகொண்டே ஊசலாடும் இரட்டை இயக்க இயந்திரம் வெப்பத்தைக் குறைவாக உண்டாக்குவதால், தொழில்முறை அனுபவம் இல்லாதவர் கைக்கு அதுவே ஏற்றது. தகட்டின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் வண்ணம் மெலிந்திருப்பதால் அங்கே டேப் ஒட்டிவிடுவேன். நகம் வருடினால் தட்டுப்படும் கீறலைப் போக்க முயல்வதில்லை. அதன் அடிமட்டம் வரை இறங்கினால் கிளியர் கோட்டில் மிஞ்சுவது மிகக் குறைவு.

இதற்கெல்லாம் முன்னால் பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும், கழுவுவது மட்டும் போதாது என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள்கள் கிளியர் கோட்டில் பதிந்துவிடுகின்றன. அவற்றைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால் அது இரும்புடன் வினைபுரிந்து ஊதா நிறமாக வழியும். மிஞ்சியதை, களிமண்போல் பிசைந்து தகட்டில் தேய்க்கும் கிளே பார் எடுத்துவிடும். கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தகட்டை வருடினால், வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு தெரியும். அந்தச் சொரசொரப்பின் மேல் இயந்திரத்தை வைத்தால், போக்க வந்த கீறலைவிட அதிகமாக உண்டாக்கிவிடுவோம்.

பாலிஷ் முடிந்ததும் பரப்பில் அதன் எண்ணெய் தங்கியிருக்கும். நீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தெளித்து மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். இதனால் இரண்டு பயன். எண்ணெய் மறைத்து வைத்திருந்த கீறல் ஏதேனும் இருந்தால் வெளியே வரும். சீலன்டுக்கும் பற்றிக்கொள்ள வெறும் பரப்பு கிடைக்கும். பலர் தவறவிடும் படி இதுதான். சீலன்டைப் பூசும்போது நிழலும் குளிர்ந்த தகடும் வேண்டும். நுரைப்பஞ்சில் ஓரிரு சொட்டு போதும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு மெல்லியதாகப் பூசினால்தான் துடைத்தெடுப்பது எளிது. தடிமனாகப் பூசுவதால் அதிகம் ஒட்டாது. கூடுதலாக உள்ளது துணிக்குத்தான் போகும், மதியம் முழுவதும் தோள்வலியும் வரும். உலர்ந்ததா என்று பார்க்க விரல்நுனியால் ஒரு கோடு இழுப்பேன்: கோடு தெளிவாக விழுந்தால் துடைக்கலாம், ஈரமாக இழுபட்டால் காத்திருக்க வேண்டும். பிறகு அந்தப் புட்டி கேட்கும் நேரம், பெரும்பாலும் 12 முதல் 24 மணி வரை, கார் நனையாமல் நிற்க வேண்டும். பாலிமர் இறுகுவது அந்த நேரத்தில்தான்.

மெழுகுக்கு வருவோம். கார்னௌபா என்பது பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து கிடைப்பது. வறண்ட காலத்தில் ஓலையின் நீர் ஆவியாகாமல் காக்க மரம் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. உருகுநிலை 82 முதல் 86 டிகிரி செல்சியஸ், இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. அப்படியே எடுத்துக் காரில் தேய்க்க முடியாத அளவுக்குக் கடினம் என்பதால் கரைப்பான்களையும் எண்ணெய்களையும், சில வேளை தேன்மெழுகையும் கலந்து இளக்கித்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். ஆகவே நூறு சதவீதம் கார்னௌபா என்ற வாசகத்தைக் கண்டால், அதிலுள்ள மெழுகு முழுவதும் கார்னௌபா என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டும். டப்பா முழுவதும் அதுதான் என்று கொள்ளக் கூடாது. அந்தக் கலவையின் ஆயுள் வாரக் கணக்கில்தான்; மிக நல்லதானால் இரண்டு, மூன்று மாதம். இறுகிய சீலன்டின் மேல் இது தாராளமாக உட்காரும். கீழே உள்ளதைக் கெடுக்காமல் தான் மட்டும் தேய்ந்து போகும். அதனால்தான் அதன் இடம் மேலே.

சீலன்டின் மேல் மெழுகு பூசினால் நிறத்துக்கு ஆழம் கூடும் என்பது பலரின் உறுதியான நம்பிக்கை. நானும் அப்படியே நம்பி, பின்பக்கக் கதவு இரண்டில் ஒன்றுக்கு மெழுகு பூசி, மற்றொன்றை விட்டுவைத்தேன். எது எந்தக் கதவு என்பதைச் சொல்லாமல் வீட்டாரை அழைத்துக் காட்டினேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் ஒரு சாயல் தெரிந்தது. ஆனால் எந்தக் கதவு என்பது எனக்கு முன்பே தெரியும் அல்லவா?

சீலன்ட் எத்தனை பூச்சு என்ற கேள்விக்கும் பானெட்டிலேயே விடை தேடினேன். டேப்பால் மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஒரு பூச்சு, அடுத்ததற்கு நாள் இடைவெளியில் இரண்டு, மூன்றாவதற்கு ஐந்து. ஒரு பூச்சுப் பகுதி முதலில் திட்டுத் திட்டாக நீரைப் பிடிக்கத் தொடங்கியது. நான் கை தவறவிட்ட இடங்கள் அவை. இரண்டும் ஐந்தும் கடைசிவரை ஒன்றுபோலவே இருந்தன. இரண்டாம் பூச்சு தடிமனைக் கூட்டவில்லை, விட்டுப்போன இடத்தை நிரப்பியது. மெழுகில் இது இன்னும் வெளிப்படை: புதிய பூச்சிலுள்ள கரைப்பான் பழைய பூச்சை ஓரளவு இளக்கிவிடும், துடைக்கும்போது இரண்டும் சேர்ந்தே துணியில் வரும். எல்லாம் ஒன்றில் என்று விற்கப்படும் கிளீனர் மெழுகுகளில் தேய்க்கும் துகளும் இருப்பதால், நல்ல சீலன்டின் மேல் அதைப் பூசுவது கட்டிய சுவரை இடித்துவிட்டுக் கோலம் போடுவதற்கு ஒப்பாகும்.

நீர் முத்துப்போல் நிற்பதை வைத்தே பூச்சின் உயிரை அளப்பதும் முழுச் சரியன்று. பூச்சின் மேல் எண்ணெய்ப்பசையும் தூசியும் படிந்தால் நீர் பரவும். நன்றாகக் கழுவினால் முத்து திரும்பி வரும். அப்படி வந்தால் சீலன்ட் போகவில்லை, அழுக்கின் அடியில் கிடந்தது என்று பொருள். உப்புநீர் முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் தன் உப்பை வட்டமாக விட்டுச் செல்லும். முத்து அழகுதான், ஆனால் கழுவியதும் துடைக்கச் சோம்பல்படுகிறவருக்கு அது நன்மை செய்வதில்லை.

செராமிக் பூச்சு வேறு கதை. சிலிக்கான் டை ஆக்சைடு சார்ந்த அதுவும் வெறும் கிளியர் கோட்டின் மேல்தான் பூசப்பட வேண்டும். அதன் மேல் மெழுகு பூசினால், அழுக்கு எளிதில் ஒட்டாத அதன் குணத்தை மூடிவிட்டு மெழுகின் குணத்தைக் காட்டச் செய்கிறோம். 9 எச் என்று சொல்லப்படும் கடினம் பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல் தெறிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. புதிதாக வண்ணம் அடித்த தகடாக இருந்தால், உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேறும் வரை, வண்ணம் அடித்தவர் சொல்லும் கெடுவரை, மெழுகும் சீலன்டும் செராமிக்கும் வேண்டாம்.

இப்போது என் அலமாரியில் இருப்பவை நான்கு: ஒரு நுண்ணிய பாலிஷ், ஒரு சீலன்ட், ஆல்கஹால் கலவை, பழைய கார்னௌபா டப்பா. சீலன்ட் ஆண்டுக்கு இரண்டு முறை. பாலிஷ் தேவைப்பட்டால் மட்டும், அதுவும் தேவைப்பட்ட தகட்டுக்கு மட்டும். மெழுகைக் கதவின் உள்விளிம்புகளுக்குப் பூசுகிறேன். வெயில் படாத அந்த இடத்தில் அது நெடுநாள் நிற்கிறது, கதவைத் திறக்கும்போதெல்லாம் அதன் மணமும் லேசாக வருகிறது.