அண்ணனின் சிவப்புப் பேனா

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை முதல் தடவை எழுதியபோது நான் படித்தேன் என்பதைவிட, படிக்கிற ஒருவரைப் போல நடித்தேன் என்பதுதான் சரி. எங்கள் தெருவில் முந்தின வருஷம் தேறிய அண்ணன் காலை நாலு மணிக்கு எழுவார், நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று பேனா வைத்திருப்பார். நானும் நாலு மணிக்கு எழுந்தேன், மூன்று பேனா வாங்கினேன், அவர் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து பைண்டிங்கும் போட்டேன். என் நோட்டில் தலைப்பெல்லாம் சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அவர் நோட்டில் தனி வட்டி, கூட்டு வட்டி எதுவுமே இல்லை. அவருக்கே வேண்டாம் என்றால் நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன். 200 கேள்வியில் 25 கணக்கும் திறனறிவும். அதில் பாதிக்கு மேல் 'விடை தெரியவில்லை' வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்தேன். அண்ணன் பி.எஸ்சி. கணிதம், அவருக்கு வட்டிக் கணக்குக்கு நோட்டு எதற்கு?

தோற்ற பிறகுதான் போய்க் கேட்டேன். ஒற்றை அறை வீடு, கைக்குழந்தை. அது அசந்து தூங்குவது நாலு மணிக்குத்தானாம். பழைய வினாத்தாளை மூன்று மணி நேரம் வைத்து எழுதிப் பார்ப்பாராம், முதல் தடவை தப்பானது நீலம், மறுபடியும் தப்பானால் பச்சை, மூன்றாவது முறையும் தப்பினால் சிவப்பு, கடைசி வாரம் சிவப்பை மட்டும் படிப்பார்.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்கு விமானத்தில் சரக்கு வந்து இறங்கியது, போர் முடிந்ததும் நின்றது. அங்கே சிலர் ஓடுபாதை மாதிரி அமைத்து, மூங்கிலை ஆண்டெனாவாக நட்டு, மரத்துண்டை ஹெட்போனாக மாட்டிக்கொண்டு காத்திருந்ததாக இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1974இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் சொன்னார். விமானம் மட்டும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தச் சரக்கு தயாரான இடம் கடலுக்கு அப்பால் எங்கேயோ இருந்தது. எனக்கு அண்ணன் வீடு நாலு வீடு தள்ளித்தான்.

அதனால் யார் நோட்டை வாங்கினாலும் அதில் என்ன இல்லை என்று முதலில் பாருங்கள், அப்புறம் ஏன் இல்லை என்று கேளுங்கள். முக்கியமாக ஆங்கில வழியில் படித்தவர்கள், தமிழ் இலக்கியம் முடித்தவரின் நோட்டை நம்பாதீர்கள். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் வராவிட்டால் மீதிக்கு மதிப்பே இல்லை.

அடுத்த தடவை நான் ஆறு மணிக்கு எழுந்து படித்துத் தேறினேன். போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் என் நோட்டை வாங்கிப் போனான். சிவப்பு எதற்கு என்று கேட்பான் என்று பார்த்தேன், நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டான், அதுவும் கலர் ஜெராக்ஸ்.