எந்த விரல் மரத்துப்போகிறது?

கை மரத்துப்போகிறது என்றதும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தெந்த விரல்கள்?" என்பதுதான். என்னிடம் தெளிவான பதில் இல்லை. அன்றிரவு வழக்கம்போலக் கை சுருசுருவென்று மரத்து விழிப்பு வந்தபோது ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி வரை உணர்ச்சி மங்கியிருந்தது. சுண்டுவிரல் நன்றாகவே இருந்தது. கையை உதறினால் சற்று நேரத்தில் சரியாகும்.

இந்த விவரமே நோயைக் காட்டிக்கொடுத்தது. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகிய பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு, அந்த மூன்றரை விரல்களுக்கு உணர்ச்சி தரும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் செல்கிறது. அங்கே இடம் நெருங்கினால் முதலில் நசுங்குவது நரம்பு. இந்த நோயைக் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்கிறார்கள். சுண்டுவிரல் மரத்திருந்தால் முழங்கையில் வேறொரு நரம்பைச் சந்தேகித்திருப்பார்கள். கழுத்திலிருந்து வலி இறங்கினால் கழுத்து எலும்பை. இரு பாதங்களும் சேர்ந்து மரத்தால் நீரிழிவையும் பி12 குறைவையும் முதலில் பார்ப்பார்களாம்.

எனக்கும் சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்தார்கள், குறையில்லை. நரம்புக் கடத்தல் பரிசோதனையில் சிறு சிறு மின்னதிர்வு கொடுக்கும்போது விரல்கள் தாமாகத் துள்ளும். சங்கடம்தான், தாங்க முடியாத வலி இல்லை. மணிக்கட்டில் செய்தி தாமதமாவது அதில் தெரிந்தது.

சிகிச்சை என்று தந்தது ஒரு மணிக்கட்டுப் பட்டை. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கும்போது பாதைக்குள் அழுத்தம் ஏறுகிறது. பட்டை அதை நேராக வைத்திருக்கிறது. முதல் சில இரவுகள் எரிச்சலாக இருந்தது. சில வாரங்களில் விழிப்பு குறைந்து, தூக்கம் திரும்பியது. இது போதாதவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசியும், அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடும் அறுவை சிகிச்சையும் உண்டு.

பரிசோதனையே இல்லாமல் வைட்டமின் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுத்து மரப்பை உண்டாக்கும். திடீரென்று ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணி, பேச்சும் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்கு இப்போது மரப்பு அபூர்வமாகத்தான் வருகிறது. கட்டைவிரலின் அடிச்சதை மெலிகிறதா என்று ஒவ்வொரு முறையும் மருத்துவர் பார்க்கிறார். மெலியத் தொடங்கினால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்றார். அதற்கு இப்போதே சம்மதம் சொல்லிவிட்டேன்.