ரிக்ரியேஷனல் தெரபிக்கு இன்ஷூரன்ஸ் பணம் வாங்கிய கதை

ஸ்ட்ரோக் வந்து என் கணவர் இங்கே அமெரிக்காவில் ரிஹாப் மருத்துவமனையில் இருந்தபோது பிசியோதெரபிக்கும் ஸ்பீச் தெரபிக்கும் யாரும் கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு நரம்பியல் டாக்டர் எழுதிக்கொடுத்த ரிக்ரியேஷனல் தெரபிக்கு (விளையாட்டு, பொழுதுபோக்கு வழியாகத் தரும் சிகிச்சை) மட்டும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது.

விளையாட்டுக்கெல்லாமா இன்ஷூரன்ஸ் என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். ஒரு செஷனையாவது பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே இவர் கவனத்தில் ஏறாது. தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே கிடக்கும். கேரம் பிடிக்கும் என்று தெரிந்துகொண்ட தெரபிஸ்ட், போர்டை எடுத்து வரச் சொன்னார். இடது மூலைப் பாக்கெட்டின் வாயிலேயே நிற்கும் சிவப்புக் காயை விட்டுவிட்டு, வலது பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருப்பார் இவர். போர்டின் இடது ஓரம் முழுக்கப் பளிச்சென்று ஒரு டேப் ஒட்டினார் தெரபிஸ்ட். டேப் கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும், அப்புறம்தான் ஷாட். பேப்பரில் கோடு போடச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் சலித்துக்கொள்ளும் மனிதர், இதில் நேரம் போவது தெரியாமல் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் கோபப்படுவதற்கு முன் காரணத்தைப் படியுங்கள். ‘பாலிசியில் இந்தச் சேவை கிடையாது’ என்பது வேறு. ‘மருத்துவ ரீதியாக அவசியமில்லை’ என்பது வேறு. எங்களுக்கு வந்தது இரண்டாவது. மருத்துவத் தீர்ப்பைச் சார்ந்த மறுப்பு என்றால், கம்பெனிக்குள் செய்யும் அப்பீலில் தோற்றாலும், கம்பெனியைச் சாராதவர்கள் செய்யும் வெளி ரிவ்யூவுக்குப் போகலாம். அங்கே வரும் முடிவுக்குக் கம்பெனி கட்டுப்பட்டே ஆகவேண்டும். உள் அப்பீலுக்கு 180 நாள் அவகாசம். அதிலும் இல்லை என்றால், வெளி ரிவ்யூ கேட்க 4 மாதம். பாலிசியின் விலக்குப் பட்டியலிலேயே இந்தத் தெரபி இருந்தால் இந்த வழி பெரும்பாலும் உதவாது.

நான் முதலில் கேட்டு வாங்கியது எங்கள் கிளெய்ம் ஃபைலை. அது நம் உரிமை, காசு கேட்கக்கூடாது. முன்னேற்றம் அளவிடப்படவில்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியின் டாக்டர் அதில் எழுதியிருந்தார். செஷன் நோட்டுகளை எடுத்துப் பார்த்தால், ‘உற்சாகமாகக் கலந்துகொண்டார்’ என்றுதான் பக்கம் பக்கமாக இருந்தது. இதைப் படித்து யார் பணம் கொடுப்பார்கள்? தெரபிஸ்டிடம் பேசினேன். அதற்குப் பிறகு வந்த நோட்டுகளில், எத்தனை நிமிடம் நின்றார், இடது பக்கம் பார்க்க எத்தனை முறை நினைவூட்ட வேண்டியிருந்தது, கடையில் இடது அலமாரியிலிருந்து தானாக எதை எடுத்தார் என்பதெல்லாம் இருந்தன. டாக்டர் கடிதத்தோடு இவற்றையும் சேர்த்து அனுப்பினோம். உள் அப்பீல் தோற்றது. வெளி ரிவ்யூவில் ஜெயித்தோம், கேட்ட செஷன்களுக்கு மட்டும்.

அடுத்த குடும்பத்துக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. ரிஹாப் மருத்துவமனையில் சேர்க்க, பொதுவாக நாளுக்கு 3 மணி நேரம், வாரம் 5 நாள் தெரபி தேவைப்பட வேண்டும் என்கிறது, முக்கியமாக முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர். 2010 ஜனவரியிலிருந்து அந்த 3 மணி நேரக் கணக்கில் ரிக்ரியேஷனல் தெரபிக்கு இடமில்லை. கணக்கில் வராத நேரத்துக்கு எந்த மருத்துவமனை ஆள் போடும்? இதை மாற்றுவதற்கான மசோதாவை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் முன்வைத்தவர்களில் ஒருவர் பென்சில்வேனியாவின் கிளென் தாம்ப்சன். இந்தத் தெரபியைப் படித்து, அந்தத் துறையில் வேலை பார்த்தவர்.

எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேசப் போனேன். அங்கிருந்த இளைஞர் கேட்ட முதல் கேள்வி, செலவு ஏறுமா என்பதுதான். ரிஹாப் மருத்துவமனைக்கு மெடிகேர் ஒரு நோயாளிக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுக்கிறது, தெரபிக்குத் தனித்தனி பில் இல்லை; அதே 3 மணி நேரத்துக்குள் டாக்டர் இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் கோரிக்கை என்றேன். குறித்துக்கொண்டார்.

கணவரின் ஆபீஸ் ஹெச்.ஆரையும் விடவில்லை. பெரிய கம்பெனிகள் பலவற்றில் மருத்துவச் செலவைக் கம்பெனியே ஏற்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்குப் பார்ப்பதோடு சரி. அப்படியானால் எதற்குக் கவரேஜ் என்பதை நம் கம்பெனியே மாற்றி எழுதலாம். பிளான் புதுப்பிப்பதற்குப் பல மாதம் முன்பே கேட்டுவிட வேண்டும். நாங்கள் கேட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.