ஜூன் மாதத்துக் கதவு

ஜூன் பிறந்தால் எங்கள் லயத்தில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) கதவுகள் அடம்பிடிக்கும். இலங்கை மலைநாட்டு மஸ்கெலியா மழை அப்படி. ஈரத்தைக் குடித்துக் குடித்துப் பலகை அகலத்தில் உப்பும், நீளத்தில் அவ்வளவாக மாறாது. அதனால் தாழ்ப்பாள் பக்கம்தான் நிலையில் போய் இறுகும்.

போன வாரம் பக்கத்துக் காம்பிரா (லயத்து அறை வீடு) அக்கா வந்தார். "தம்பி, ஒங்க தாத்தாவோட இழைப்புளியக் கொண்டாந்து கொஞ்சம் சீவி விடுங்களேன்."

தாத்தா தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். அவருடைய இழைப்புளி, அதாவது பலகையைச் சீவும் கருவி (சீவுளி என்பவர்களும் உண்டு), ஓர் அடிக்குச் சற்றுக் கூடிய மரக்கட்டை, கைபட்டுக் கறுத்துப்போனது. ஸ்க்ரூ எதுவும் கிடையாது. இரும்புத் தகடு 45 பாகையில் சாய்ந்திருக்கும், ஒரு மர ஆப்பு அதை இறுக்கிப் பிடித்திருக்கும். தகட்டின் தலையில் தட்டினால் வெட்டு ஆழமாகும். கட்டையின் பின்பக்கம் தட்டினால் தகடு உள்ளே ஏறிக்கொள்ளும். சின்ன வயதில் இது எனக்கு மாயமாக இருந்தது. கட்டை முன்னே நகர, தகடு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ஹட்டன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பின்னால் சாய்ந்த அன்றுதான் பிடிபட்டது.

மழையில் இழைப்புளியும் கதவின் ஜாதிதான். ஆப்பு உப்பி, அசையவில்லை. அவசரத்தில் இரும்புச் சுத்தியலால் அடித்தேன், நுனி பிளந்தது. புது ஆப்பு செதுக்க அரை நாள் போனது. தாத்தா இருந்திருந்தால் "மரச்சுத்தி எங்கடா?" என்று மட்டும் கேட்டிருப்பார். அது திட்டுவதைவிட மோசம்.

இழைப்புளியின் அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டு கதவுக்குப் போனேன். சவுக்குப் பலகை. கடற்கரைச் சவுக்கு இல்லை, தேயிலைக்கு நிழலாக நடும் கிரவீலியாவைத்தான் மலையில் அப்படிச் சொல்வோம். பெயிண்டைச் சுரண்டிவிட்டு நார் போகும் பக்கமாக ஓட்டினேன். எதிர்ப்பக்கம் ஓட்டினால் பிய்த்துக்கொண்டு வரும். இரண்டாவது ஓட்டத்திலேயே ஓரமெல்லாம் வெள்ளிப் புள்ளிகள் மினுங்கின. மெஷினில் இழைத்தாலும் மினுங்கும்தான், ஆனால் அந்த இரைச்சலில் யார் நின்று பார்ப்பது?

"நல்லா எடுத்து விடுங்க தம்பி."

மாட்டேன் என்றேன். இப்போது இடிப்பதையெல்லாம் எடுத்தால், பெப்ரவரியில் பலகை சுருங்கி இடுக்கு வழியே பனிக்காற்று வரும். இழுத்துச் சாத்தினால் மூடும் அளவோடு நிறுத்தி, ஓரத்தில் எண்ணெய் தடவினேன். அக்காவுக்கு முழுத் திருப்தி இல்லை. சுருள்களை மட்டும் அடுப்புக்கென்று அள்ளினார். பெயிண்ட் பட்டதைப் பொறுக்கி எறியச் சொன்னேன்.