ரீவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி

ஒரு மாதமாகத் தேடித் தேடி, கடைசியில் ஹோலுக்கு ஒரு மினி பிசி வாங்கியாச்சு. இன்டெல் என்100 சிப், 8 ஜிபி ராம்.

இதுவரை பழைய டெஸ்க்டொப்பைத்தான் ரீவியோடு கொழுவி வைத்திருந்தேன். இரவில் அதன் காற்றாடி இரைகிற இரைச்சலுக்கு அம்மா ரீவி சத்தத்தைக் கூட்டுவார், அப்பா நித்திரை குழம்பி எழும்புவார். அதோடு ஏவி1 என்கிற சுருக்கு முறையில் உள்ள வீடியோ போட்டால் படம் விக்கி விக்கித்தான் ஓடும்.

அதனால் நான் முதலில் பார்த்தது வேகத்தை இல்லை. சுருக்கி வைத்த வீடியோவை விரிக்கிற வேலையைச் சிப்பே வன்பொருளில் செய்யுமா என்பதைத்தான். 2023இல் வந்த என்100, எச்.இ.வி.சி (இன்னொரு சுருக்கு முறை), ஏவி1 இரண்டையும் அப்படிச் செய்யும். டிடிபி, அதாவது வேலை செய்யும்போது சிப் வெளிவிடும் வெப்பத்தின் அளவு, வெறும் 6 வாட். ராஸ்பெரி பை 5 என்கிற சின்னக் கணினியையும் யோசித்தேன். அதில் ஏவி1க்கு அந்த வசதி இல்லை, விட்டுவிட்டேன். வாங்குகிறவர்கள் ரீவியோடு கொழுவுகிற இணைப்பு எச்டிஎம்ஐ 2.0ஆக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 1.4 என்றால் 4கே படம் நொடிக்கு 30 பிரேமோடு நின்றுவிடும்.

நேற்று இரவு வீடியோ பார்க்கிற கோடி (Kodi) மென்பொருளைப் போட்டு, அம்மா அப்பாவின் கல்யாண வீடியோவை முதலில் ஓடவிட்டேன். விஎச்எஸ் கசெட்டிலிருந்து மாற்றி வைத்திருந்தது. அம்மம்மா ஆலாத்தித் தட்டோடு பந்தலடியில் நிற்கிற இடம் வந்ததும் அம்மா ரிமோட்டை வாங்கி நிறுத்தினார். ஹோலில் ஒரு சத்தமும் இல்லை.

"இன்னொருக்கா போடு தம்பி" என்றார்.